காசிவாசம்: போவதா, இருந்த ஊரிலேயே இருப்பதா?

முதுமையில் சொந்த ஊரை விட்டுக் காசிக்குப் போய், உயிர் பிரியும்வரை அங்கேயே தங்கிவிடுவதைக் காசிவாசம் என்பார்கள். காசி யாத்திரை வேறு, காசிவாசம் வேறு. யாத்திரை போனவர் கங்கைச் சொம்போடு ஊர் திரும்புகிறார்; சமாராதனை நடத்தி உறவினருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பழைய வாழ்க்கையைத் தொடர்கிறார். காசிவாசிக்குத் திரும்பும் பயணம் கிடையாது. வீடு, நிலம், உறவு, பழகிய பேச்சு, நாக்குக்குப் பழகிய சோறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஒரு நகரத்தில் அவர் குடியேறுகிறார். பிழைப்புக்காக ஊர் மாறுகிறவர் சம்பளத்தையும் வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் எடைபோடுகிறார். காசிவாசி எடைபோட வேண்டியவை இரண்டு கேள்விகள். ஓர் இடத்துக்கு மனிதனை விடுவிக்கும் ஆற்றல் உண்டா? உண்டென்றால், அதை நாடி இருக்கும் கடமைகளை விட்டுப் போவது நியாயமா?

முதல் கேள்விக்குக் காசி மரபு தரும் விடை திட்டவட்டமானது. வருணை, அசி என்னும் இரண்டு சிற்றாறுகள் கங்கையில் கலக்கும் இடங்களுக்கு நடுவே அமைந்த நகரம் அது. சிவபெருமான் ஒருபோதும் கைவிடாத இடம் என்பதால் அவிமுக்தம் என்றும், உலகின் பெரிய சுடுகாடு என்பதால் மகாமயானம் என்றும் அதைப் போற்றுகிறார்கள். கந்தபுராணத்தின் பகுதியாகிய காசி காண்டம் அந்நகரத்தின் பெருமையை விரிவாகச் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் அதைத் தமிழில் பாடினார். காசியில் இறப்பவரின் காதில் சிவனே தாரக மந்திரத்தை ஓதுகிறான் என்பதும், அதனால் அவருக்கு மறுபிறவி இல்லை என்பதும் அம்மரபின் உயிர்நிலை. அங்கே யமனுக்கு அதிகாரம் இல்லை. நகரத்தின் காவல் காலபைரவரிடம் இருக்கிறது. சாதி, ஒழுக்கம், கல்வி எதுவும் தடையில்லை. புழுவும் பூச்சியும்கூட அங்கே மாண்டால் விடுதலை பெறும் என்று புராணங்கள் சொல்கின்றன. பிறப்பால் மனிதர்களைப் படிப்படியாகப் பிரித்து வைத்த ஒரு சமூகம், சாவில் எல்லோருக்கும் ஒரே கதவைத் திறந்து வைத்த இடம் காசி. அந்த நம்பிக்கையின் கவர்ச்சியைப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

காசி காண்டத்தில் வரும் திவோதாசன் கதை, இந்த நகரம் தன்னிடம் வருகிறவர்களை என்ன செய்கிறது என்பதை அழகாகக் காட்டுகிறது. பிரமனின் வேண்டுகோளுக்கு இணங்கித் திவோதாசன் காசியை ஆள ஒப்புக்கொள்கிறான். தேவர்கள் அனைவரும் நகரத்தை விட்டு நீங்க வேண்டும் என்பது அவன் நிபந்தனை. சிவனும் மந்தர மலைக்குப் போகிறான். போனவனுக்குக் காசியின் ஏக்கம் தாளவில்லை. அரசனின் ஆட்சியில் ஏதேனும் குறை கண்டுபிடிக்கச் சொல்லி யோகினிகளை அனுப்புகிறான், சூரியனை அனுப்புகிறான், பிரமனையும் தன் கணங்களையும் அனுப்புகிறான். குறை ஏதும் அகப்படவில்லை. அனுப்பப்பட்டவர்களோ திரும்பிப் போக மனமில்லாமல் ஆளுக்கோர் இடம் பார்த்துக் காசியிலேயே தங்கிவிடுகிறார்கள். கடைசியில் விநாயகரும் திருமாலும் சென்ற பிறகே சிவனுக்கு நகரம் மீள்கிறது. கடவுளுக்கே ஊரைப் பிரிந்த துயரம் உண்டு என்று பாடிய இந்தப் புராணம், சொந்த ஊரைப் பிரியும் முதியவரின் மனத்தையும் அறிந்தே எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.

இனித் தடைகள். வேதாந்த மரபு ஞானத்தால் மட்டுமே வீடுபேறு என்கிறது. அப்படியானால் கங்கைக் கரையில் மூச்சு நின்றுவிட்டதால் ஒருவர் எப்படி விடுதலை பெற முடியும்? கர்மக் கொள்கையோ செய்த வினையை அனுபவித்தே தீர வேண்டும் என்கிறது. வாழ்நாள் முழுவதும் கொடுமை செய்த ஒருவர் கடைசி மாதத்தில் ஊர் மாறினால் கணக்கு நேராகிவிடுமா? இந்த இரண்டு வினாக்களையும் காசிப் பண்டிதர்கள் தட்டிக் கழிக்கவில்லை. சங்கரரின் மாணவர் சுரேசுவரர் பெயரில் வழங்கும் ஒரு நூலே காசி மரணமும் முக்தியும் பற்றிய ஆராய்ச்சிதான். 16ஆம் நூற்றாண்டில் நாராயண பட்டர் பிரயாகை, காசி, கயை ஆகிய மூன்று தலங்களுக்கும் திரிஸ்தலீசேது என்னும் பெரிய விதிநூலை எழுதினார். அவருடைய தந்தை இராமேசுவர பட்டர் மராட்டியப் பகுதியின் பைத்தானிலிருந்து காசிக்குக் குடிபெயர்ந்தவர். ஆகவே காசிவாசம் அந்தக் குடும்பத்துக்கு ஏட்டுப் பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது.

முதல் தடைக்கு மரபு சொல்லும் சமாதானம் இது: காசி மண் நேரடியாக முக்தி தருவதில்லை, இறக்கும் நொடியில் சிவன் செய்யும் உபதேசத்தால் ஞானம் பிறக்கிறது, அந்த ஞானமே விடுவிக்கிறது. இடம் என்பது குரு வந்து நிற்கும் வாசல் மட்டுமே. இரண்டாவது தடைக்குப் பைரவ யாதனை என்னும் கருத்து விடையாகிறது. பல பிறவிகளில் அனுபவிக்க வேண்டிய வினைப்பயன் அனைத்தையும் இறப்பவர் ஒரு கணத்துக்குள் சுருக்கி அனுபவிக்கிறார். அந்த வேதனை பயங்கரமானது. அதைக் கடந்த பின்பே உபதேசம். நகரத்தின் தென்பகுதியாகிய கேதார கண்டத்தில் இறப்பவருக்கு மட்டும் இந்த யாதனையும் இல்லை என்று காசி கேதார மாகாத்மியம் சொல்கிறது. தென்னாட்டார் பலர் கேதார கட்டத்தைச் சுற்றிக் குடியேறியதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். தத்துவ நோக்கில் இந்த விடைகள் முழு நிறைவு தருவதாகச் சொல்ல முடியாது. குரு எங்கும் வரக்கூடியவர் என்றால் அந்த ஒரு வாசலில் மட்டும் நிற்பானேன் என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆனாலும் நீதியை விட்டுக்கொடுக்காமல் கருணையைக் காப்பாற்ற எடுத்த முயற்சி என்ற அளவில் இது மதிப்புக்குரியது.

காசியில் சாவது எளிதென்று சொன்ன நூல்களே அங்கே வாழ்வது கடினம் என்றும் எச்சரிக்கின்றன. குடிபெயர நினைப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் பகுதி இது. வேறிடத்தில் செய்த பாவம் காசியில் தொலையும். காசியில் செய்த பாவம் வச்சிரம்போல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். குடியேறியவர் சேத்திர சந்நியாசம் எடுத்துக்கொண்டால் எல்லையைத் தாண்டக் கூடாது. ஊரை விட்டுப் போகத் தோன்றாதபடி கல்லால் காலை உடைத்துக்கொண்டாவது அங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்குப் புராண வாக்கு போகிறது. வியாசர் கதை இன்னும் கூர்மையானது. சில நாள் பிச்சை கிடைக்காத கோபத்தில் அவர் காசிக்குச் சாபம் கொடுத்தார். சிவன் அவரை நகரத்தை விட்டு வெளியேற்றினான். அன்று முதல் அவர் கங்கையின் மறுகரையில், இன்றைய இராம்நகர்ப் பக்கம் தங்க வேண்டியதாயிற்று. வேதத்தை வகுத்த முனிவருக்கே பசியும் கோபமும் காசிவாசத்தைக் கெடுத்துவிட்டன. புது நகரத்துக்குப் போனால் மனம் தானாகவே மாறிவிடும் என்ற எண்ணத்துக்கு இந்தக் கதை இடம் கொடுக்கவில்லை.

தமிழர்களின் காசிவாசத்துக்கு நெடிய வரலாறு உண்டு. அதன் முதன்மையான பெயர் குமரகுருபரர். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அவர் 17ஆம் நூற்றாண்டில் தருமபுர ஆதீனத்தின் மாசிலாமணி தேசிகரைக் குருவாக அடைந்தார். துறவு வேண்டியபோது முதலில் காசிக்குப் போய்வரச் சொன்னார் குரு. அவ்வளவு காலம் குருவைப் பிரிந்திருக்க மாணவருக்கு மனம் வரவில்லை. காசிக்குப் பதிலாகச் சிதம்பரத்தில் ஒரு மண்டலம் தங்கும்படி குரு விட்டுக்கொடுத்தார். பின்னாளில் குமரகுருபரர் காசிக்கே போனார், மடம் அமைத்தார், தென்னாடு வந்து குருவைக் கண்டு மீண்டும் அங்கேயே சென்று வாழ்வை முடித்தார். அங்கே சென்றதும் அவருக்கு வேண்டியிருந்தது முகலாய ஆட்சியாளரிடம் பேச மொழி. அதற்காகக் கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லிமாலையைப் பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. அற்புதக் கதையாகச் சொல்லப்பட்டாலும் அதன் அடியில் இருப்பது எந்தக் குடியேறியும் அறிந்த சங்கடம்தான்: வாய் திறந்தால் புரிந்துகொள்ள ஆளில்லை. அவருடைய மடத்தின் வழி வந்ததே திருப்பனந்தாள் காசி மடம்.

1863இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் சத்திரம் அமைத்தார்கள். விசுவநாதர் கோயில் பூசைக்கான பொருள்கள் அங்கிருந்து நாள்தோறும் போகின்றன. அனுமான் கட்டத்தைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிலைத்தன. 1898இல் தந்தையை இழந்த சுப்பிரமணிய பாரதியை அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் அழைத்துக்கொண்டது இந்தப் பகுதியிலிருந்த தங்கள் வீட்டுக்குத்தான். பக்தியால் குடியேறிய ஒரு தம்பதியின் வீடு, படிக்க வந்த இளைஞனுக்கும் நிழலானது. மடமும் சத்திரமும் தெருவில் தமிழ்ப் பேச்சும் இல்லாமல் இருந்திருந்தால் காசிவாசம் பலருக்குத் தனிமைச் சிறையாகியிருக்கும். வடநாட்டுப் பனிக்காலம் வயதான உடம்புக்குக் கடுமை. அரிசிச் சோற்றுக்கும் ரசத்துக்கும் அலைய வேண்டும். நோய் வந்தால் பார்த்துக்கொள்ளவும், இறந்தபின் அவரவர் வழக்கப்படி கிரியை செய்யவும் ஆள் வேண்டும். முக்தி பற்றிய விவாதத்தில் இவை சில்லறை விஷயங்களாகத் தோன்றலாம். தியானத்தில் உட்கார வேண்டிய மனத்தை நாள் முழுக்க அலைக்கழிப்பவை இவையே என்பதால், சமய நோக்கிலும் இவற்றுக்கு எடை உண்டு.

இரயில் வந்த பிறகு காசிக்குப் போவதன் பொருளே மாறியது. கால்நடையாகவும் வண்டியிலும் போன நாள்களில், திரும்பி வருவது நிச்சயமில்லை என்று சொத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்படுவார்கள். திடமான உடம்பு இருந்தால்தான் போய்ச் சேரவே முடியும். 1887இல் காசியில் கங்கைமீது இரயில் பாலம் திறக்கப்பட்டது. சாகும் தறுவாயில் இருப்பவரையும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்ற நிலை வந்தது. பல ஆண்டு வாசம் சில நாள் வாசமாகச் சுருங்க இதுவே வழி செய்தது. 1958 முதல் இயங்கும் காசி லாப முக்தி பவனம் மரணத்தை எதிர்நோக்கியவர்களுக்கான விடுதி. அங்கே தங்கப் பொதுவாக இரண்டு வாரம்தான். அதற்குள் உயிர் பிரியாவிட்டால் குடும்பத்தோடு ஊர் திரும்புவதே வழக்கம். நீண்ட காலம் தங்க நினைப்பவர்களுக்கு அசிப் பக்கம் முமுட்சு பவனம் இருக்கிறது. முன்னது சாவுக்கான இடம், பின்னது வாழ்வுக்கான இடம். காசிவாசம் என்ற ஒரே பெயரில் இரண்டையும் அடக்கினால் நிறை குறைகளைப் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

போக வேண்டாம் என்று சொன்னவர்களில் கபீரின் குரல் எல்லாவற்றையும் விட உரத்தது. அவர் அதை வாயால் மட்டும் சொல்லவில்லை. காசியின் நெசவாளர் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். மகர் என்னும் ஊரில் இறந்தால் நரகம் அல்லது கழுதைப் பிறவி என்பது அக்கால நம்பிக்கை. முதுமையில் காசியை விட்டு வேண்டுமென்றே அந்த மகருக்குப் போய் அங்கே உயிர் விட்டார். மரபு அதை 1518ஆம் ஆண்டு என்கிறது. இறக்கும் ஊரால்தான் விடுதலை கிடைக்கும் என்றால் ஆயுள் முழுக்கச் செய்த இராம பக்திக்கு வேலை என்ன என்பது அவர் எழுப்பிய கேள்வி. அதற்கு இன்றுவரை நேரான மறுமொழி இல்லை. மகரில் இந்துக்கள் எழுப்பிய சமாதியும் முஸ்லிம்கள் எழுப்பிய கல்லறையும் அருகருகே நிற்கின்றன. எல்லோரும் வந்து சாக விரும்பும் நகரத்தில் பிறந்த ஒருவர், எல்லோரும் அஞ்சும் ஊரைத் தேடிப் போனார். அவரும் சாவதற்காகவே ஊர் மாறினார் என்பதை மறக்க வேண்டாம். இடத்துக்கு ஆற்றல் இல்லை என்று மெய்ப்பிக்கவும் அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

தமிழ்ச் சைவத்தில் இந்த எதிர்ப்பு இன்னும் பழையது. இறைவன் எங்கும் உளன் என்று உணராதவர்க்குக் கங்கையில் மூழ்கியும் பயனில்லை, காவிரியில் மூழ்கியும் பயனில்லை என்ற கருத்தை அப்பர் பாடினார். பெரியபுராணம் சொல்லும் அவருடைய கடைசிக்காலப் பயணமும் இங்கே எண்ணத்தக்கது. கயிலையைக் காணாமல் திரும்புவதில்லை என்று புறப்பட்டு வாரணாசியையும் கடந்து போகிறார். கால் தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, உடல் நைந்து கிடக்கும்போது, திரும்பிப் போய்த் திருவையாற்றில் கயிலைக் காட்சியைப் பெறும்படி இறைவன் பணிக்கிறான். காசியைத் தாண்டிப் போனவருக்குக் காவிரிக் கரையில் காட்சி கிடைத்தது. ஆனால் அப்பர் புறப்பட்டே இருக்க வேண்டாம் என்று சேக்கிழார் சொல்லவில்லை. ஊரூராக நடந்தே பாடியவர் அப்பர். அவரை வைத்து, நகராமல் இருப்பதே உயர்ந்தது என்று வாதிட முடியாது. இரமண மகரிஷியிடத்திலும் இதே முரண் தெரிகிறது. வீட்டை விட்டுப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு, தடையாக இருப்பது மனம், அது காட்டுக்கும் கூடவே வரும் என்ற பொருளில் அவர் பதில் சொல்லிவந்தார். அவரோ 1896இல் பதினாறு வயதில் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து, 1950இல் மறையும்வரை அங்கிருந்து அகலவில்லை. முடிவெடுத்துப் போகிற ஒருவருக்கும், போகாமல் இருக்க முடியாத ஒருவருக்கும் உள்ள வேறுபாடு இது. முன்னவரே ஆலோசனை கேட்கிறார். அதனால் அவருக்கே அந்தப் பதில்.

போக முடியாதவர்களுக்காகவும் மரபு வழி வைத்தது. திருவெண்காடு, திருச்சாய்க்காடு, மயிலாடுதுறை, திருவிடைமருதூர், திருவையாறு, திருவாஞ்சியம் ஆகிய ஆறும் காசிக்கு நிகரான தலங்கள் எனப்பட்டன. விருத்தாசலத்தில் இறப்பவரை அம்மை மடியில் கிடத்தி முன்றானையால் விசிற, இறைவன் காதில் மந்திரம் ஓதுகிறான் என்கிறது தலபுராணம். காசி போக இயலாத பக்தர்களுக்காகவே பராக்கிரம பாண்டியர் 15ஆம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலைக் கட்டினார் என்பது அவ்வூரின் நம்பிக்கை. ஒரே மந்திரம், ஒரே குரு, பல வாசல்கள். முன்பு எஞ்சிய கேள்விக்குத் தமிழ்நாட்டுத் தலபுராணங்கள் தம் வழியில் விடை கண்டுவிட்டன.

இரண்டாவது கேள்வியாகிய கடமையைப் பற்றித் தரும சாத்திரம் தெளிவாகப் பேசுகிறது. தேவர், முனிவர், முன்னோர் ஆகிய மூவருக்கும் பட்ட கடனைத் தீர்த்த பின்பே மனத்தை வீடுபேற்றில் செலுத்தலாம். தீர்க்காமல் போகிறவர் கீழே விழுகிறார் என்கிறது மனு நூல். தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையைக் கண்டபின் வீட்டை விட்டுப் போகலாம் என்பதும் அதே நூலின் கணக்கு. வள்ளுவரோ அறவழியில் இல்லறம் நடத்துகிறவர் வேறு நெறி தேடிப் போகத் தேவையே இல்லை என்கிறார். படுக்கையில் கிடக்கும் மனைவியையோ, பிழைப்புக்கு வழியில்லாத பிள்ளையையோ விட்டுவிட்டுப் போகிற காசிவாசத்துக்கு எந்த நூலும் துணை வராது.

இதைவிடக் கவலைக்குரியது, போகிறவர் தாமாகப் போகிறாரா என்பது. காசியின் நிழலான பக்கம் இங்கேதான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைம்பெண்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். வங்காளத்திலிருந்து வந்தவர்கள் மிகுதி. வங்காளத்தில் வழங்கிய தாயபாகச் சட்டம் ஆண்மகவில்லாத கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் உரிமை கொடுத்தது. புண்ணியம் என்ற பெயரில் அவளைத் தொலைவுக்கு அனுப்பிவிடுவது உறவினர் சிலருக்கு வசதியாக இருந்தது. மாதாமாதம் வரவேண்டிய பணம் குறைந்து, பிறகு நின்று, கோயில் வாசலில் பாடிக் கிடைத்ததில் வாழ்ந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் விரும்பி வந்து நிறைவாக வாழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் முக்தி என்ற சொல்லைக் காட்டி ஒருவரை வீட்டிலிருந்து அகற்றுவது, அந்தச் சொல்லுக்கே செய்யும் துரோகம்.

இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால் நிறை குறைகள் ஊரைச் சார்ந்திருப்பதை விட, போகிறவரின் நிலையையே பெரிதும் சார்ந்திருக்கின்றன. கடன்கள் தீர்ந்து, துணையாக இருப்பவர் மனம் ஒப்பி, புதிய ஊரில் உண்ணவும் நோயில் கிடக்கவும் வழி செய்துகொண்டு, தானே தேர்ந்து போகிற முதியவருக்குக் காசிவாசம் பெரும் பேறு. நாள்தோறும் சாவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அஞ்சாமல் வாழப் பழகுவதற்கு மணிகர்ணிகைக் கட்டத்தின் அணையாத சிதைகளைப் போல் உதவக்கூடியது வேறில்லை. போக முடியாதவருக்கோ போக விரும்பாதவருக்கோ அதனால் இழப்பு எதுவும் இல்லை. திருவையாறும் விருத்தாசலமும் அதற்குச் சான்று. பிறரால் அனுப்பப்படுகிறவரின் கணக்கு மட்டும் வேறு: அங்கே அவருக்கு எது கிடைத்தாலும், அனுப்பியவருக்கு அதில் புண்ணியம் கிடையாது.